பத்துப் படங்களும் எழுதப்படாத ஒரு வாக்கியமும்

1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் மைதானம் நிறையக் கூட்டம். அத்தனை பேர் இருந்தும், சந்தன மாலையோடு நின்ற மனித வெடிகுண்டு தணுவையும் வெள்ளைக் குர்தாவில் நின்ற கூட்டாளி சிவராசனையும் புலனாய்வாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தவை, குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவில் இருந்த பத்துப் படங்கள்தான்.

கூட்டத்தின் கண்கள் ராஜீவ் காந்தி மேல் இருந்தன. கவனம் விழாத இடத்தை மூளை சேமித்து வைப்பதில்லை. பிறகு யாராவது கேட்கும்போது, இருக்கிற துண்டுகளை வைத்து மீதியை அதுவே நிரப்பிக்கொள்கிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொல்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் இதைச் சோதித்தார். கார் விபத்துப் படமொன்றைப் போட்டுக் காட்டி, கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, முதல் குழுவில் 7 பேரும் இரண்டாம் குழுவில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஸ்வீடன் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் 2003இல் ஸ்டாக்ஹோம் கடையொன்றில் குத்தப்பட்டபோது, சாட்சிகளை ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். ஒருவர் ராணுவச் சட்டை என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கண்காணிப்புக் கேமராவில் கொலையாளி அணிந்திருந்தது வேறு உடை.

ராஜீவ் கொலை வழக்குக்கு வருவோம். ஹரிபாபு எடுத்த படங்கள் சில நாட்களிலேயே நாளிதழ்களில் வந்துவிட்டன. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் பூந்தமல்லியின் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை 1994இல்தான் தொடங்கியது. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். ‘அந்தப் பெண்ணைப் பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அது மைதானத்தில் பார்த்த முகமா, பேப்பரில் பார்த்த முகமா? அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் வாக்குமூலம் ஒரு சொல் குறையாமல் பதிவாக வேண்டும் என்கிறேன். ஒலி, ஒளிப் பதிவு செய்யலாம் என்றுதான் சட்டம் இன்றும் சொல்கிறது. ‘லாம்’ போதாது.

ஏனென்றால், சொல்பவரின் நினைவு சரியாகவே இருந்தாலும் எழுதுபவரின் கையில் அது மாறிவிடும். இதே வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன், இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்ததாகத் தடா சட்டப்படி வாக்குமூலம் தந்தார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், 2013இல் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் கூறியிருந்தார், அந்த வாக்கியத்தைத் தான் எழுதவில்லை.

கருணை மனு மீதான முடிவில் ஏற்பட்ட தாமதத்தைச் சுட்டி, 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 50.