பதினொரு மாத மேய்ச்சல் ஏலம்

பதினொரு மாத மேய்ச்சல் ஏலம் என்பது அயர்லாந்தில் புல்நிலத்தை ஒரு பருவத்துக்கு மட்டும் கால்நடை மேய்க்க ஏலம் விடும் முறையாகும். நிலத்தின் பரப்பு, வேலி, தண்ணீர் வசதி, ஏல நாள், பணம் கட்டும் தவணை ஆகியவை அறிவிப்பில் இடம்பெறும். நிலத்தை உழக்கூடாது, காலம் முடிந்ததும் மாடுகளை ஓட்டிச் சென்றுவிட வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள்.

ஏன் பதினொரு மாதம்? 1881ஆம் ஆண்டு நிலச் சட்டம் குத்தகை விவசாயிகளுக்கு நியாயமான வாடகையையும் நிலையான அனுபவ உரிமையையும் தந்தது. தற்காலிக மேய்ச்சலுக்கு விட்ட நிலத்துக்கு அவை பொருந்தவில்லை. ஆகவே ஆண்டு நிறையும் முன்பே காலத்தை முடித்துக்கொண்டால், ஏலம் எடுத்தவருக்குக் குத்தகை உரிமை பிறக்காது.

இதனால் பரந்த புல்வெளிகள் பெரிய மாட்டு வியாபாரிகளிடம் சென்றன. பக்கத்துச் சிறு விவசாயிகளுக்கோ உழ நிலமில்லை. 1906 முதல் 1909 வரை அவர்கள் அந்நிலங்களிலிருந்து மாடுகளை விரட்டிப் போராடினர். அறிவிப்பில் ஒரு மாதம் குறைந்ததன் பொருள் இதுவே.