நாலாவதாக வந்த குதிரை

1972ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் நியூயார்க்கின் அக்விடக்ட் மைதானத்தில் செக்ரடேரியட் என்னும் குதிரை தன் முதல் பந்தயத்தை ஓடியது. புறப்பட்டவுடனேயே இன்னொரு குதிரை அதை இடித்துத் தள்ளியது. முடிவில் கிடைத்தது நான்காம் இடம். இதை வைத்து அதன் எதிர்காலத்தைக் கணிக்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்?

இடத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்போம். முதலில் வந்த குதிரைக்கும் இதற்கும் இடைவெளி ஒன்றேகால் குதிரை நீளம். ஒரு நீளம் சுமார் 2.4 மீட்டர், ஆகவே இடைவெளி 3 மீட்டர். குதிரையின் வேகம் வினாடிக்கு 17 மீட்டர் எனக் கொண்டால், இது 0.18 வினாடிதான். கல்லூரி ஆய்வகத்தில் தனிஊசல் சோதனைக்குப் பயன்படுத்திய பழைய நிறுத்துக் கடிகாரத்தின் மீச்சிற்றளவே ஐந்தில் ஒரு வினாடி! அந்த இடி அரை வினாடியை விழுங்கியிருந்தால் இழப்பு 8 மீட்டருக்கு மேல். அதாவது, தோல்வியைவிட விபத்து பெரியது. பதினொரு நாள் கழித்து அடுத்த பந்தயத்தில் அது வென்றது.

வயதையும் கவனிக்க வேண்டும். வட கோளத்தில் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் தேதிதான் பிறந்த நாள். செக்ரடேரியட் பிறந்ததோ 1970 மார்ச் 30இல். ஏட்டில் இரண்டு வயது நிறைந்தபோது அதன் உண்மை வயது 21 மாதம். ஜனவரியில் பிறந்த குட்டியோடு அது ஓட வேண்டும். எலும்பின் வளர்தட்டுகள் முற்றாத அந்தப் பருவத்தில் இரண்டு மாதம் சிறிய வேறுபாடன்று.

இத்தனை ஐயங்களுக்கு நடுவேதான் பணம் கைமாறுகிறது. 1973 பிப்ரவரியில், மூன்று வயதுக் குதிரையாக ஒரு பந்தயமும் ஓடாத நிலையில், இதன் இனப்பெருக்க உரிமை 32 பங்குகளாக விற்கப்பட்டது. பங்கு ஒன்று 1,90,000 டாலர். மொத்தம் 60,80,000 டாலர். தந்தைக் குதிரை போல்டு ரூலரின் குட்டிகள் வேகமானவை, ஆனால் நெடுந்தூரம் தாங்கா என்ற பேச்சு பரவலாக இருந்தது. ஏப்ரலில் ஒரு பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததும் பங்கு வாங்கியவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அப்போது அதன் வாய்க்குள் சீழ்க்கட்டி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கென்டக்கி டெர்பி. தூரம் ஒன்றேகால் மைல். ஒவ்வொரு கால் மைலுக்கும் செக்ரடேரியட் எடுத்துக்கொண்ட நேரம்: 25.2, 24, 23.8, 23.4, 23 வினாடி. சாதாரணக் குதிரை கடைசியில் களைக்கும். இதுவோ வினாடிக்கு 16 மீட்டரில் தொடங்கி 17.5 மீட்டரில் முடித்தது. எந்த இடத்தில் வந்தது என்பதைவிட இத்தகைய பகுதி நேரங்களே குதிரையின் தாங்கும் திறனைக் காட்டும் என்பது என் கருத்து. ஜூன் 9இல் ஒன்றரை மைல் பெல்மான்ட் பந்தயத்தை 2 நிமிடம் 24 வினாடியில், 31 நீள முன்னிலையில் வென்றது.

இன்று கணிப்புக்கு வேறு கருவிகளும் உண்டு. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் வகை, குதிரை குறுந்தூரத்துக்கு ஏற்றதா நெடுந்தூரத்துக்கு ஏற்றதா என்பதைச் சுட்டும் என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. கேளா ஒலியால் இதயத்தின் அளவையும் அறியலாம். செக்ரடேரியட் 1989 அக்டோபரில் இறந்தபின் பரிசோதித்த மருத்துவர் அதன் இதயம் ஏறத்தாழ 10 கிலோ இருக்கும் என்றார். வழக்கமான குதிரை இதயத்தைப் போல இரு மடங்குக்கு மேல். ஆனால் அது தராசில் வைத்து நிறுத்த எடையன்று, கண் மதிப்பீடுதான்.