பிச்சி லிஸ்டுக்குள் தாமரை

தோவாளைப் பூச்சந்தையில் பிச்சியும் மல்லியும் கிலோக் கணக்கு. தாமரை எண்ணிக்கைக் கணக்கு. ஜெனெரிக்ஸ் என்னத்துக்கு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அங்கே ஒரு கடைக்கு ஜாவாவில் பில்லிங் புரோகிராம் எழுதுகிறோம் என்று வையுங்கள். 2004-இல் ஜாவா 5 வரும்வரை லிஸ்ட் என்றால் வெறும் லிஸ்ட். உள்ளே போகிற எல்லாமே அதற்கு ஆப்ஜெக்ட். பிச்சிக்கென்று வைத்த லிஸ்டில் தாமரையைப் போட்டாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. வெளியே எடுத்து, பிச்சி என்று காஸ்ட் பண்ணுகிற இடத்தில்தான் புரோகிராம் மண்டையைப் போடும். அதுவும், சவம், விடியக்காலம் கேரளாவுக்குப் போகிற வண்டி லோடுக்கு நிற்கும்போதுதான் நடக்கும்.

லிஸ்ட்<பிச்சி> என்று எழுதினால் அந்தப் பிழை கம்பைல் பண்ணும்போதே மாட்டிக்கிடும். லிஸ்டை எழுதினது ஒரே தடவைதான். எந்த வகைக்கு என்பதை நாம் பயன்படுத்தும்போது சொல்கிறோம். மெத்தடுக்கும் அப்படியே. மொத்த எடை கூட்டும் மெத்தடுக்கு <வ எக்ஸ்டெண்ட்ஸ் எடைப்பூ> என்று வரம்பு வைத்தால், எடை சொல்லத் தெரிந்த எந்தப் பூவின் லிஸ்டும் வரலாம். தாமரை லிஸ்ட் வர முடியாது. (பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், தாராளமாக. ஜாவா யூனிகோட் எழுத்துகளை ஏற்கும்.)

பிள்ளைகள் முழிக்கிற இடம் வேறு. பிச்சி ஒரு பூ. அப்போ லிஸ்ட்<பிச்சி>யும் லிஸ்ட்<பூ> தானே? இல்லை. பிச்சிக் கூடையைப் பூக்கூடை என்று சொல்லி ஒருத்தர் கையில் கொடுத்துப் பாருங்கள். தாமரையை அதில் போட அவருக்கு உரிமை வந்துவிடும், பூக்கூடைதானே! கூடைக்குச் சொந்தக்காரரோ உள்ளே பிச்சி மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருப்பார். கம்பைலர் மறுப்பது அதனால்தான். அர்ரேயில் ஜாவா இதை அனுமதித்துவிட்டது. அங்கே தாமரையைப் போட்டால் ஓடும்போது அர்ரேஸ்டோர் எக்செப்ஷன் வரும். பூவை எடுத்துப் பார்த்தால் மட்டும் போதும் என்றால் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் பூ> என்று வாங்குங்கள். எடுக்கலாம், எந்தப் பூவையும் போட முடியாது.

இன்னொண்ணு பாத்துக்கிடுங்க. பழைய கோடு உடையக்கூடாது என்று, ஜாவா கம்பைல் முடிந்ததும் கோண அடைப்புக்குள் இருந்ததை அழித்துவிடும். ஓடும்போது பிச்சி லிஸ்டும் தாமரை லிஸ்டும் ஒரே கிளாஸ். 2005-இல் வந்த சி ஷார்ப் 2.0 அப்படி அழிப்பதில்லை. எனக்கு அந்த வழிதான் பிடிக்கும். ஜாவாவில் பழைய வெறும் லிஸ்ட் வழியாகத் தாமரை இன்றைக்கும் பிச்சிக்குள் நுழையலாம். அப்போது 'அன்செக்டு' என்று ஒரு எச்சரிக்கை மட்டும் வரும்.