புதுவழி திறக்கும் விஞ்ஞானமும் அதனை அளக்கும் எண்ணும்

விஞ்ஞான ஆராய்ச்சி இருவகைப்படும். முன்னோர் இட்ட அடித்தளத்தின்மேற் கட்டுவது ஒன்று. பழைய வழியை விலக்கிப் புதுவழி திறப்பது மற்றொன்று. இவற்றைப் பிரித்தறிய ரசல் பங்க், ஜேசன் ஓவன்-சிமித் என்போர் 2017 இல் ஆக்கவுரிமைகளுக்கென வகுத்த குறியீட்டெண், பின்னர் ஆய்வுக்கட்டுரைகளுக்கும் பயன்படலாயிற்று.

பின்வந்தோர் ஒரு கட்டுரையை மட்டுஞ் சுட்டி, அது சுட்டிய மூலங்களை விட்டுவிடின் எண் +1 ஐ நோக்கி உயரும். இரண்டையுஞ் சேர்த்துச் சுட்டின் −1 ஐ நோக்கித் தாழும். வெளிவந்தபின் ஐந்தாண்டு நோக்குமிடத்து, டி.என்.ஏ.யின் அமைப்பை விளக்கிய வாட்சன், கிரிக் கட்டுரை (1953) 0.62 பெற, இலத்திரன்களைப் பற்றிய கோன், ஷாம் கட்டுரை (1965) −0.22 பெற்றது. எனினும் அத்துறைப் பணிக்காகவே கோன் 1998 இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆதலின், நிதி வழங்கும் அரசு இவ்வெண்ணைத் துணையாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளுதல் தகாது. வழி திறப்போரும் வேண்டும். அதனைச் செப்பனிடுவோரும் வேண்டும்.