ஊசி நூலில் ஒரு ரிவெட் பாடம்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

"டிப்ளமோ படிக்கிற பையன் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கான் பாரு" என்று எங்கள் கருணாபுரம் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். ரிவெட் ஜாயிண்ட் பாடம் வகுப்பில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் புரியவைத்தது எங்க ஆயா தைத்த பழம்புடவைப் போர்வை!

மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுவதுதான் இந்தக் கலை. மேல்நாடுகளில் நடுவே பஞ்சு வைப்பார்கள். ஆயா வைப்பதோ நைந்த பருத்திப் புடவைகள், நாலைந்து மடிப்பு. குளிரைத் தடுப்பது துணி மட்டுமல்ல, மடிப்புகளுக்கு நடுவே சிக்கிய காற்றும்தான். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மார்கழிப் பனிக்கு ஒரே முரட்டுத் துணியைவிட நாலு மெல்லிய துணி தோதாக இருப்பது இதனால்தான்.

தைப்பது எப்படி?

முதலில் எல்லாத் துணியையும் துவைத்துக் காயவைக்கணும். துவைக்காத புதுத்துணியைச் சேர்த்தால் அது பிறகு சுருங்கும். போர்வை முழுக்கச் சுருக்கம் விழும். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய கச்சாத் தையல் போடுங்க. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.

நூல் ஒரு கை நீளம் போதும், கூடினால் சிக்கும். மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். கோணி ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகும். முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறைத்துவிட்டு, இரண்டு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாகத் தையுங்க. தேர்ந்த கைகள் ஓர் அங்குலத்தில் 8, 10 தையல்கூடப் போடும். நமக்கு நாலு போதும்; ஆனால் நாலும் ஒரே அளவாக இருக்கணும்.

இங்கேதான் ரிவெட் வருகிறது. ஒவ்வொரு தையலும் ஒரு ரிவெட். பிட்ச் சமமாக இருந்தால் இழுவிசை எல்லாத் தையலுக்கும் பிரிந்து போகும். ஓரிடத்தில் இடைவெளி கூடினால் பக்கத்துத் தையல் கூடுதல் சுமை தாங்கி அறும். ஓரத்தை ஒட்டித் தைத்தால் துணி கிழியும். தகட்டில் ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு மார்ஜின் விடச் சொல்கிறார்களே, அதே கதைதான். நூலை இறுக்கி இழுத்தாலோ காற்று வெளியேறி, போர்வை குளிரும். என் முதல் போர்வை அப்படித்தான் ஆனது. ஆயா ஒன்றும் பேசவில்லை, பிரித்துக் கையில் கொடுத்துவிட்டார்!

இது நம்ம ஊரில் மட்டுமுள்ள வேலை அல்ல. வங்காளத்தில் காந்தா. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியில் பூ மடித்து வைப்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கிராமம். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்ததும் அவர் வேலைக்குப் போட்டுப் போன உடைகளையே வெட்டி, 1942-இல் போர்வையாகத் தைத்தார். அவர் நினைவைப் போர்த்திக்கொள்ளத்தான். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியங்களைப்போல் தொங்கின.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இங்கேயும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. "குடிச்சுச் செத்தவங்க" என்று ஒரே வார்த்தையில் அவர்களை முடித்துவிடுகிறோம். அவர்கள் வேலைக்குப் போட்டுப் போன சட்டைக்கு வேறு கதை இருக்கிறது. மூட்டை தூக்கித் தோள்பட்டை நைந்த கதை அது. அப்படி ஒரு சட்டை உங்கள் வீட்டில் இருந்தால் எரித்துவிடாதீர்கள். நைந்த இடத்தை வெட்டிவிட்டு, நல்ல பகுதியை ஒரு போர்வையின் நடுவில் வைத்துத் தையுங்கள். பிள்ளைகள் போர்த்திக்கொள்ளட்டும்.

செலவு ஒரு நூல்கண்டும் ஒரு ஊசியும்தான். இந்த விடுமுறையில் உங்க வீட்டுப் பாட்டியிடம் போய் உட்காருங்க. நம்ம லேபில் இல்லாத ஒரு பாடம் அவர் விரல்நுனியில் இருக்கிறது. அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்வோம்!