குட்டிகளைக் கேட்டு வாங்கிய வைத்தியர்

சென்னைக்கும் டில்லிக்கும் இடையே ரயில் பிரயாணம் செய்யும் நம் சங்கத்து அன்பர்கள் வரோரா, பல்லார்ஷா என்னும் நிலையங்களைக் கடந்தே செல்கின்றனர். பெரும்பாலும் அவை நமக்கு ஒரு குவளைத் தேநீரின் நினைவையன்றி வேறெதையும் தருவதில்லை. ஆயினும் வரோராவுக்கு அருகில்தான் பாபா ஆம்தே அவர்கள் தொழுநோயாளருக்கென ஆனந்தவனத்தை அமைத்தார். பல்லார்ஷாவுக்குக் கிழக்கே, தேக்கும் மூங்கிலும் அடர்ந்த ஆலாப்பள்ளிக் காடுகளையும் தாண்டிச் சென்றால், அவருடைய புதல்வர் டாக்டர் பிரகாஷ் ஆம்தே தம் வாழ்நாளை ஒப்படைத்த ஹேமல்கசா என்னும் சிற்றூர் வரும். அவ்வைத்தியரைப் பற்றி, சிறப்பாக அவர் காட்டுயிர்களிடம் கொண்ட பற்றைப் பற்றி, இத்திங்கள் சிறிது எழுத விழைகின்றோம்.

ஹேமல்கசா, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் பாம்ராகட் என்னும் ஊருக்கு அருகில் உள்ளது. இந்திராவதி, பாமுல்கௌதமி, பர்லகோட்டா என்னும் மூன்று ஆறுகள் கூடும் நிலம் அது. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகினால் இன்றும் சாலைத் தொடர்பு அற்றுப்போவதுண்டு. அங்கு வாழ்வோர் மாடியா கோண்டு மக்கள். அவர்களுடைய மொழி திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்பவற்றுக்குரிய கோண்டிச் சொற்களைக் கேட்டால், தூரத்து உறவினர் குரல் போல நம் செவியில் படும்.

1970-இல் பாபா ஆம்தே தம் குடும்பத்தாரை அக்காட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கு கண்ட வறுமையும் நோயும், அந்நியரைக் கண்டதும் ஓடி ஒளியும் மக்களின் அச்சமும் அவர்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 1973 டிசம்பர் 23-ஆம் நாள் ‘லோக் பிராதரி பிரகல்ப்’ என்னும் பணி அங்கே தொடங்கப்பெற்றது. நாகபுரியில் அறுவை மருத்துவ மேற்படிப்பிலிருந்த பிரகாஷ், அதனை இடையிலேயே விட்டு அங்கு சென்றார். மயக்க மருந்துத் துறையில் பயிற்சி பெற்ற மருத்துவரான அவருடைய மனைவி மந்தாகினி அம்மையாரும் உடன் சென்றார். மின்சாரம் இல்லை, சாலை என்று சொல்லத்தக்கதும் இல்லை. குடிசையே வீடு, மரத்தடியே மருத்துவமனை, அரிக்கன் விளக்கே இரவுத் துணை. கணவர் அறுக்க, மனைவியார் மயக்க மருந்து கொடுக்க, எத்தனையோ உயிர்கள் அவ்விளக்கொளியில் பிழைத்தன.

தொடக்கத்தில் நோயாளிகள் வரவில்லை. நோய் தெய்வக் குற்றம் என்றும், பூசாரியே அதைத் தீர்க்க வல்லவர் என்றும் நம்பிய மக்கள், ஊசியும் மருந்துமாக வந்த வெளியாரை எவ்வாறு நம்புவர்? வைத்தியத் தம்பதியர் மாடியா மொழியைக் கற்றனர். பூசாரி கைவிட்ட பின் வந்து சேர்ந்த ஓரிருவர் மலேரியாக் காய்ச்சலிலிருந்து மீண்டு தம் காலால் ஊருக்கு நடந்து சென்றனர். அதன் பின்னர் பல நாள் நடைத் தொலைவிலிருந்தும் நோயாளிகளைக் கட்டிலில் கிடத்திச் சுமந்து வரலாயினர். காட்டுயிர் பற்றி எழுதவந்த இடத்தில் இதனை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நம்பிக்கை பிறந்திராவிடில் பின்னர் நிகழ்ந்தது எதுவும் நிகழ்ந்திராது.

ஒருநாள் காட்டு வழியே நடந்து செல்கையில், வேட்டை முடித்துத் திரும்பும் மாடியா மக்கள் சிலரை டாக்டர் எதிர்கொண்டார். அவர்கள் கொன்ற குரங்கைக் கழியில் கட்டித் தூக்கி வந்தனர். இறந்த தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு அதன் குட்டி பாலருந்த முயன்றுகொண்டிருந்தது. குட்டியை என்ன செய்வீர்கள் என்று வினவினார். தின்போம் என்றனர். அவர்கள் குரூரர் அல்லர், பசித்தவர்கள். எறும்பு முதல் குரங்கு வரை காடு தருவது எதுவோ அதுவே அவர்களுக்கு உணவு. டாக்டர் அவர்களுக்கு அறம் போதிக்கவில்லை. குட்டியை எனக்குக் கொடுங்கள், அதற்கு ஈடாக உங்களுக்கு உண்ணத் தானியம் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ‘பப்லி’ என்று பெயர் சூட்டப்பெற்ற அக்குரங்குக் குட்டியே அவர் வீட்டுக்கு வந்த முதல் காட்டு விருந்தாளி.

அன்று தொடங்கிய பண்டமாற்று நிற்கவில்லை. தாயை இழந்த குட்டிகளைக் கொல்லாமல் கொண்டுவாருங்கள், தானியமும் துணியும் தருகிறேன் என்னும் செய்தி ஊர் ஊராகப் பரவிற்று. மான் குட்டி, கரடிக் குட்டி, சிறுத்தைக் குட்டி, முள்ளம்பன்றி, மலையணில், முதலை, பாம்பு என்று பலவும் வந்தன. வேட்டையாடாதே என்று ஆணையிட அரசாங்கத்தில் சட்டம் இருந்தது; 1972-இல் இயற்றப்பெற்ற வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. ஆனால் வேட்டையை விட்டால் மாலையில் அடுப்பில் என்ன ஏறும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. அவ்விடையைத் தேடியவர் இவ்வைத்தியரே என்பது நம் கருத்து. காய்ச்சலைத் தணித்தவர், பிரசவம் பார்த்தவர், குழந்தையைக் காத்தவர் கேட்கிறார் என்பதனாலேயே அம்மக்கள் கையிலிருந்த இரையை விட்டுக் கொடுத்தனர். வேறு எவர் கேட்டிருப்பினும் சிரித்திருப்பார்கள்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அக்காட்டில் இலுப்பைப் பூப் பொறுக்கச் செல்வோரைக் கரடி தாக்குவது புதிதன்று. முகம் கிழிந்து, மண்டைத் தோல் பெயர்ந்து வருவோரை மணிக்கணக்கில் தையலிட்டுக் காப்பாற்றியவர் இந்த டாக்டரே. அதே கை வீட்டு முற்றத்தில் தாயற்ற கரடிக் குட்டிக்குப் பாலூட்டிற்று. இதைக் கண்ட ஆதிவாசிகள் என்ன எண்ணியிருப்பர்! கரடியிடம் கடிபட்டவனும் பக்கத்துக் கொட்டகையில் உறங்கும் கரடியும் ஒரே வைத்தியரின் பொறுப்பில் இருந்தமை, எந்தப் பிரசங்கத்தையும் விட அவர்கள் நெஞ்சில் பதிந்திருக்கும்.

சிறுத்தையுடன் அவர் உலாவும் படங்களை அன்பர்கள் பார்த்திருக்கக்கூடும். அதனை நாம் யாருக்கும் வழிகாட்டியாகக் காட்டவில்லை. காட்டு விலங்கைத் தனிமனிதர் வளர்ப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஹேமல்கசாவின் விலங்குகள் பற்றியும் கேள்விகள் எழுந்ததுண்டு. மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த சிறுத்தை மனிதரைக் கண்டு அஞ்சாது. காட்டில் விட்டால் ஊருக்குள் வந்து அடிபட்டுச் சாகும். ஆகவே அவ்வநாதைகளுள் பலவற்றுக்குக் காடு திரும்பும் பாக்கியம் இல்லை. கூண்டுக்குள் காக்கப்பெறுவது காடு ஆகாது என்பது உண்மையே. எனினும், அக்கூண்டுக்கு வெளியே சட்டியில் வெந்திருக்க வேண்டிய உயிர்கள் அவை என்பதையும் மறத்தலாகாது.

குட்டிகளைக் காப்பதோடு பணி நின்றிருந்தால் அது ஒரு நல்லவரின் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும். 1976-இல் அங்கே உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. ஓடிப்போகும் பிள்ளைகளை ஊர் ஊராகச் சென்று அழைத்து வந்தனர். காய்கறியும் நெல்லும் பயிரிடும் முறையும் அங்கு கற்பிக்கப்பெற்றது. உழவு வேரூன்றிய இடங்களில் வேட்டை மெல்லக் குறைந்தது. விலங்குகளோடு சேர்ந்தே வளர்ந்த அப்பள்ளிப் பிள்ளைகளுள் சிலர் ஆசிரியர் ஆயினர். மருத்துவர் ஆகித் தம் மக்களுக்கே பணி செய்யத் திரும்பியவரும் உண்டு.

டாக்டருக்கு 2002-இல் பத்மஸ்ரீ விருதும், கணவன் மனைவி இருவருக்கும் 2008-இல் ராமோன் மகசேசே விருதும் கிட்டின. 2014-இல் அவருடைய வாழ்க்கை நானா படேகர் நடிப்பில் மராத்தித் திரைப்படமாகவும் வந்தது. நம்மில் மும்பைவாசிகள் பலர் பார்த்திருப்பர். விருது வாங்கும் மேடைக்கும் வெள்ளை அரைக்காற்சட்டையும் கையில்லா மேற்சட்டையுமாகவே செல்லும் வழக்கமுடையவர் அவர். ஆடையற்ற மக்களிடையே வாழ வந்தபோது தாம் மட்டும் நிறைய உடுத்தக் கூசி மேற்கொண்ட எளிமை அது.

இப்பொழுது மருத்துவமனையையும் பள்ளியையும் அவர்தம் மக்களும் மருமக்களும் முன்னின்று நடத்துகின்றனர்.