தடை கற்றுத்தராத பாடம்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவுக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாசிக்கக் கற்றுக்கொடுத்து வருகின்றன. அன்று பிள்ளையின் கைக்கு வந்த புத்தகத்தை ஆசிரியர் தெரிந்தெடுத்தார். இன்று கைத்தொலைபேசியில் எது கூடுதலாக உணர்ச்சியைக் கிளறுமோ அதுவே முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே வந்த செய்தியைச் சோதிப்பதும், பார்த்தது போதும் என்று நிறுத்துவதும் எழுத்தறிவின் பகுதிகளாகிவிட்டன. கிழக்கு மாகாணத்தில் இவற்றைக் கற்பிக்காமல் விட்டால் அதற்கான விலையை உயிராலும் உடைமையாலும் கொடுக்க நேரும்.

அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததே இதற்குச் சான்று. முஸ்லிம் உணவகம் ஒன்றில் உணவுக்குள் கிடந்த கட்டியை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். கூட்டம் சூழ்ந்து சிங்களத்தில் மிரட்டிக் கேட்டது. அம்மொழி சரிவர விளங்காத ஊழியர் பயத்தில் சொன்ன பதில் வீடியோவாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பேஸ்புக்கில் பரவியது. அன்றிரவு உணவகத்தோடு பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அது மாவுக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு அறிவித்தது. அந்த வீடியோவில் எதையும் வெட்டி ஒட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மிரட்டலையும் மொழி விளங்காமையையும் மறைத்துவிட்டால் உண்மையான காட்சியே பொய்ச்சாட்சி ஆகிவிடும் என்பதை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

அரசாங்கம் கண்ட மருந்து சமூக ஊடக முடக்கம். கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அடுத்து 2018 மார்ச்சில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு வாரமளவில் நிறுத்தப்பட்டன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தையும் சிதைத்த 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னும் அவ்வாறே செய்தார்கள். வழி தெரிந்தவர்கள் விபிஎன் மூலம் உள்ளே போனார்கள். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. இந்தத் தடைகள் எவையும் சோதித்தறியக் கற்றுத்தரவில்லை; அது கல்வியின் வேலை. அப்படியானால் நிறுவனங்களைப் பொறுப்பாக்காமல் பிள்ளைகளை மட்டும் திருத்துவதா என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. 2018 வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக்கே 2020இல் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு, பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று வட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. அத்தகைய பகிர்வு 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனம் சொன்னது. சிறு தாமதமே இவ்வளவு செய்யுமானால், அதை மனப்பழக்கமாக்கும் கல்வி இன்னும் கூடுதலாகச் செய்யும்.

அந்தப் பழக்கத்தைப் பயிற்றலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் வரலாற்று அறிஞர்கள் பலர்கூட ஓர் இணையப் பக்கத்தையே ஊன்றி வாசித்து ஏமாந்தார்கள். செய்திச் சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியே வந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வாவிக்கரையில் இந்த முறை இன்னும் எளிது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியைப் பற்றியோ அருகிலுள்ள தமிழ் ஊரான ஆரையம்பதியைப் பற்றியோ வதந்தி வந்தால், அந்த ஊரில் இருக்கும் நண்பரைக் கேட்டுவிடலாம். அதற்கு அப்படியொரு நட்பு முதலில் வேண்டும். தமிழ், முஸ்லிம் மாணவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளில் படிக்கும் இம்மாவட்டத்தில் ஊடகப் பயிற்சியைச் சேர்ந்தே நடத்த வேண்டும். இரண்டாம் மொழியாகக் கற்கும் சிங்களமும் இங்கே சரிபார்க்கும் கருவிதான்.

க.பொ.த. பரீட்சைச் சுமைக்கு நடுவே இதற்கு நேரம் ஏது, தொலைபேசியைப் பறித்துவிட்டால் போதாதா என்று பெற்றோர் கேட்கலாம். கொரோனாக் காலத்தில் பாடமே அந்தத் தொலைபேசியில்தான் வந்தது. பறித்து வைத்தாலும், அது திரும்பக் கைக்கு வரும் நாளில் பிள்ளை பழக்கமில்லாமலே நிற்கும். தனியாக ஒரு பாடமும் தேவையில்லை; வரலாற்று வகுப்பில் ஒரு வீடியோவை, சுகாதார வகுப்பில் ஒரு மருந்து வதந்தியைச் சோதிக்கலாம். ஓய்வும் இதனோடு சேர்ந்தது. நள்ளிரவுவரை திரையில் மூழ்கிக் களைத்த மனத்துக்கு நிதானிக்கும் தெம்பு இராது. படுக்கும்போது தொலைபேசியை வேறு அறையில் வைப்பதும், தேவையற்ற அறிவித்தல்களை நிறுத்துவதும் வீட்டில் பெரியவர்களும் சேர்ந்து கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள். அதே தொலைபேசி வழியாகப் படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் சிறுவர் உதவிக்கான 1929 இலக்கத்தை அழைக்கலாம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வதந்தி எப்போது வரும் என்று யாரும் அறியோம். அது வரும்போது முடக்கும் ஆணைக்காகக் காத்திராமல் தானே நிறுத்தி விசாரிக்கும் இளைஞர்களை, இரு நூற்றாண்டுக் கல்வி மரபுள்ள புளியந்தீவு முதலில் உருவாக்கிக் காட்டட்டும்.